நாற்காலிக்குக் கீழே ஒரு படகு

அந்த வீட்டு நடைவழியில் நுழைந்தால் முதலில் கண்ணில் படுவது படகுகள்தான். பாய் விரித்த படகு, கரையில் கவிழ்த்துப் போட்ட படகு, கயிற்றில் கட்டிய படகு, படகு என்று யாராவது சொன்னால்தான் படகு என்று தெரிகிற நான்கு நீலக் கோடு. எல்லாமே பிரான்ஸ் நாட்டு ஓவியர்கள் கல்லில் வரைந்து அச்செடுத்த கல்லச்சுப் படங்கள். இத்தனை படகு சேர்த்து வைத்திருக்கும் மனிதருக்கு நீச்சல் தெரியாது. பஸ் ஒரு வளைவு திரும்பினாலே வயிற்றைப் பிடித்துக்கொள்கிற ஆசாமி. அவருடைய மனைவி அந்த நடைவழிக்குத் துறைமுகம் என்று பெயர் வைத்துவிட்டார். குடையைக் காணோம் என்று தேடினால், துறைமுகத்தில் பாருங்கள் என்பார்.

மனிதர் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவர். டாக்டர் முதல் வாசல் காவலாளி வரை எல்லோருக்கும் அவர் ‘எக்ஸ்ரே’தான். ஒரு நண்பர் தம் வீட்டுக் கல்யாணப் பத்திரிகை உறையின் மேல்கூட அப்படியே எழுதிக் கொடுத்துவிட்டார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். கோபம் மூக்கின் மேல் இருக்கும். ஆனால் வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. பிலிமைப் புரட்டிப் பிடித்தால் இடது கை வலது கை ஆகிவிடும் என்பதற்காக, படம் எடுக்கும்போதே ஓரத்தில் ஈயத்தில் செய்த சின்ன எழுத்து ஒன்றை வைப்பார்கள். எது இடம், எது வலம் என்று அது சொல்லும். அவர் அந்த எழுத்தை வைக்க ஒரு நாளும் மறந்ததில்லை. எந்தப் படத்தையும் திருப்பி மாட்டியதும் இல்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமே உண்டு.

இந்தப் படப் பைத்தியம் அவருக்குப் பிடித்த கதை வேடிக்கையானது. எக்ஸ்ரே அறைக்கு வெளியே காத்திருப்பவர்கள் வெற்றுச் சுவரைப் பார்த்துப் பார்த்தே பாதி நோயாளி ஆகிவிடுகிறார்கள் என்று, மாட்டுவதற்கு மலிவாக ஏதாவது படம் வாங்கப் போனார். பழைய தாள், பழைய வரைபடம், பழைய அஞ்சலட்டை விற்கும் கடை. கடைக்காரருக்குத் தூசி ஆகாது. தூசியைத் தவிர வேறெதுவும் அந்தக் கடையில் கிடையாது. ஒரு கட்டைப் பிரிப்பதற்குள் நாலு தும்மல் போட்டுவிடுவார், அதனால் அவர் பெயர் ‘தும்மல்’. அவர்தான் ஒரு படத்தை எடுத்துக் காட்டி, இது கல்லில் அச்சடித்தது என்றார்.

அவ்வளவுதான், எக்ஸ்ரே பிடித்துக்கொண்டார். கல்லிலா? செதுக்கியா? இல்லை, செதுக்குவதே கிடையாது. வழவழப்பான சுண்ணாம்புக் கல்லில் கொழுப்புக் கலந்த பென்சிலால் வரைவார்கள். பிறகு கல்லை நனைத்து மையை உருட்டுவார்கள். கோடு இருக்கும் இடம் தண்ணீரைத் தள்ளிவிட்டு மையைப் பிடித்துக்கொள்ளும், வெறும் இடம் தண்ணீரைக் குடித்துவிட்டு மையைத் தள்ளிவிடும். மேலே தாளை வைத்து அழுத்தினால் படம். எத்தனை எடுப்பார்கள்? ஐம்பது, எழுபத்தைந்து. அப்புறம் கல்லை என்ன செய்வார்கள்? மணலும் தண்ணீரும் போட்டுத் தேய்த்து, பழைய படத்தை அழித்துவிட்டு, அடுத்த ஓவியருக்குக் கொடுத்துவிடுவார்கள். அழிந்ததா என்று எப்படித் தெரியும்? தும்மலுக்கு அன்றைக்குத் தும்மக்கூட நேரம் கிடைக்கவில்லை. கேள்வி கேட்டே மனுஷனைக் கொன்றுவிட்டு, ஒரு படமும் வாங்காமல் எக்ஸ்ரே வீட்டுக்குப் போனார். மறுநாள் மாலை திரும்பி வந்தார்.

பெயர் பெற்ற ஓவியர்களின் படமெல்லாம் அவர் சம்பளத்துக்கு எட்டாது. கீழ் ஓரத்தில் பென்சிலால் இடப்பக்கம் எண்ணும் வலப்பக்கம் கையெழுத்தும் போட்டு வரும் முழுப் படங்கள் பெரிய இடத்துச் சுவர்களுக்குப் போகும். அவர் கைக்கு எட்டியது வேறு ரகம். மை சரியாகப் பிடித்ததா, நிறம் சரியாக விழுந்ததா என்று பார்க்க, அச்சுக்கூடத்தில் முதலில் ஒன்றிரண்டு எடுத்துப் பார்ப்பார்கள். அந்தச் சோதனைப் பிரதிகள். நிறம் ஒதுங்கியிருக்கும், கோடு பிசிறியிருக்கும். பழுது என்று பணக்காரர்கள் ஒதுக்கியதை இவர் ஆசையாக வாங்கினார். உலகத்தில் இதுபோல் இன்னொன்று இருக்காது என்பார். உடைந்த எலும்பையே நாள் முழுக்கப் பார்க்கிறவருக்குப் பழுதில்லாத படம் எப்படிப் பிடிக்கும் என்று மனைவி பொடி வைத்துப் பேசுவார். அவர் அதே ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் பிரிவில் இருந்தவர், சிரிக்காமல் சிரிப்பு மூட்டத் தெரிந்தவர்.

வெயில் பட்டால் நிறம் போய்விடும் என்று ஜன்னல் திரையைத் திறக்கத் தடை. ஆவி பட்டால் தாள் நெளியும் என்று சமையலறைக் கதவு எப்போதும் சாத்தியே இருக்கும். மருமகள் வந்தால் எங்கே உட்காரவைப்பது என்று கவலைப்பட வேண்டிய வயதில், தாள் வந்தால் எங்கே படுக்கவைப்பது என்று கவலைப்படும் புருஷனைக் கட்டிக்கொண்டேன் என்று மனைவி தலையில் அடித்துக்கொள்வார். அடித்துக்கொண்டே படம் பழுப்பேறிவிடாதபடி அமிலம் இல்லாத தாளாகப் பார்த்து உறையும் வெட்டிக் கொடுப்பார்.

சேகரிப்புக்கு மூன்றாவது வருஷம் அந்தப் படம் வந்தது.

நாற்காலியில் சாய்ந்து ஒரு பெண் புத்தகம் படிக்கிறாள். கறுப்பு, ஆரஞ்சு, பழுப்பு, மூன்றே நிறம். முகத்துக்கு இரண்டு கோடு, அதிலேயே அவள் ரசித்துப் படிக்கிறாள் என்று தெரிந்துவிடும். எண் இருக்க வேண்டிய இடத்தில், சோதனைப் பிரதி என்று பிரெஞ்சில் பென்சில் எழுத்து. மூலையில் அச்சுக்கூடத்தின் முத்திரை, மையில்லாமல் தாளிலேயே மேடாக அழுத்திய ஒரு சின்னச் சாவி. எக்ஸ்ரே பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு தாளின் ஒவ்வொரு அங்குலமாக மேய்ந்தார். நுரையீரலில் ஒரு நிழல் மங்கலாக விழுந்திருந்தாலும் கண்டுபிடித்துவிடும் கண் அல்லவா. இடது கீழ் மூலையில், நாற்காலிக் காலுக்குப் பக்கத்தில், மூச்சு விட்டால் கலைந்துவிடும் போல ஏதோ இருந்தது. கிண்ணம் போல ஒரு வளைவு. அதன் மேல் நேராக நிற்கும் மூன்று கோடு. வளைவுக்கு அடியில் ஒரு கொக்கி.

படகு, மூன்று பாய்மரம், கீழே நங்கூரம். வீட்டுத் தரையில், படிக்கிற பெண்ணின் காலடியில், படகுக்கு என்ன வேலை?

தும்மலைக் கேட்டார். கல்லைச் சரியாகத் தேய்க்காவிட்டால் பழைய படத்தின் கொழுப்பு கல்லுக்குள் ஒட்டிக்கொண்டு இருக்கும், அடுத்த படத்தில் ஆவி மாதிரி எட்டிப் பார்க்கும் என்றார் அவர். அச்சுக்கூடத்தில் இதைக் கவனித்திருப்பார்கள், மறுபடி தேய்த்துச் சுத்தமாக அச்சடித்திருப்பார்கள், இந்த ஒரு பிரதி மட்டும் தப்பிவிட்டது. அப்படியானால் இந்தப் பெண்ணுக்கு முன்னால் அந்தக் கல்லில் வேறொரு படம் இருந்திருக்கிறது. யாரோ வரைந்த படகு. அது எங்கோ ஒரு சுவரில் இன்னும் தொங்கிக்கொண்டிருக்கலாம்.

அன்றிலிருந்து எக்ஸ்ரேயின் தேடல் ஒன்றே ஒன்று. சாவி முத்திரை போட்ட படகு வேண்டும். ஏலப் பட்டியல் எங்கே கிடைத்தாலும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். முத்திரை இல்லாவிட்டாலும் படகாக இருந்தால் வாங்கினார், ஓரம் வெட்டிய படங்களில் முத்திரை போயிருக்கலாமே என்று ஒரு நப்பாசை. ஒவ்வொன்றையும் அந்தப் பெண்ணுக்குப் பக்கத்தில் வைத்து அளப்பார். வளைவு பொருந்தினால் பாய்மரம் பொருந்தாது, பாய்மரம் பொருந்தினால் அளவு பொருந்தாது. துறைமுகம் நிரம்பிக்கொண்டே வந்தது.

நடுவில் ஒரு தடவை, சாவி முத்திரை போட்டது ஒன்று இருக்கிறது என்று தும்மல் கூப்பிட்டு அனுப்பினார். ஓடிப் போய்ப் பார்த்தால் படகு இல்லை. சதுரம் சதுரமாகத் தரை, ஒரு மேஜை, கறுப்பாக ஒரு பெரிய உருவம், அது பூனையா தலையணையா என்று வரைந்தவருக்கே வெளிச்சம். வலது மேல் மூலையில் உத்தரத்திலிருந்து தொங்கும் ஒரு பறவைக் கூண்டு. முத்திரைக்காக வாங்கினார், நாலு மாதம் வைத்திருந்தார். படகு இல்லாததால் மனம் ஒட்டவில்லை. தங்கை புது வீட்டுக்குக் குடிபோனபோது பரிசாகக் கொடுத்துவிட்டார்.

தங்கை கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். அவளே நடத்தும் சின்னப் பள்ளி, இரண்டு கார். அண்ணனுக்கு நேர்மாறு, எதற்கும் பதற மாட்டாள். பதறினால் அந்தத் தொழிலில் ஒரு வாரம் தாங்க முடியாது. மதியம் சாப்பாட்டு நேரத்தில் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு, இன்றைக்கு எந்த மாணவர் எந்த விளக்குக் கம்பத்தை முத்தமிட்டார் என்று அண்ணனுக்குச் சொல்லுவாள். அதைக் கேட்டுச் சிரித்தால்தான் அவருக்குச் சோறு இறங்கும்.

புது வீட்டுக்கு விருந்துக்குக் கூப்பிட்டாள். அவளிடம் கற்றுக்கொண்டவர்கள் பத்துப் பதினைந்து பேர் வந்திருந்தார்கள். எக்ஸ்ரே வாசலில் கால் வைத்ததும் எதிர்ச் சுவரில் அந்தப் படம். தலைகீழாக. ஓவியரின் கையெழுத்து மேல் மூலையில் தலையை ஊன்றி நின்றது. மனிதருக்குச் சுரீர் என்று ஏறிவிட்டது. செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

“தலை எது கால் எதுன்னு தெரியாதவ வீட்டுக்கு இதைக் குடுத்தேன் பாரு, என்னைச் சொல்லணும்.”

வந்தவர்கள் கையில் வைத்திருந்த தட்டோடு அப்படியே நின்றார்கள். தங்கை ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவர் விடவில்லை. கண் இருந்தால் மட்டும் போதாது, பார்க்கத் தெரிய வேண்டும் என்றார். இதைச் செய்தவரின் உழைப்புக்கு மரியாதை வேண்டாமா என்றார். இன்னும் என்னென்னவோ சொன்னார். கடைசியில் அவள் சொன்னது ஒன்றுதான்.

“படத்தைக் கழட்டி எடுத்துட்டுப் போயிடுண்ணே.”

அவர் படத்தையும் எடுக்கவில்லை, சாப்பிடவும் இல்லை. திரும்பி நடந்தார். அதன் பிறகு மதியச் சாப்பாட்டு நேரத்தில் போன் வரவில்லை. அவள் கூப்பிடட்டும் என்று இவரும், அவர் கூப்பிடட்டும் என்று அவளும் இருக்க, வருஷம் ஆறேழு ஓடிவிட்டது. அந்த வீட்டுப் பேச்சையே எடுக்கக் கூடாது என்று மனைவிக்கு உத்தரவு. மனைவி பேச்சை எடுக்கவில்லை, மாதம் ஒரு தடவை போய்வந்துகொண்டு மட்டும் இருந்தார்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எக்ஸ்ரே இன்னொரு படகோடு வந்தார். மேஜையில் அந்தப் பெண்ணை வைத்து, பக்கத்தில் படகை வைத்து, அளந்து பார்த்துவிட்டு, வழக்கம் போல முகம் தொங்கிப்போய் உட்கார்ந்தார். ஓய்வு பெற இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. இந்தக் கல்லில் என்ன இருந்தது என்று தெரியாமலே போய்விடுமோ என்று முதல் தடவையாக அவருக்குத் தோன்றியது. அதை வாய்விட்டும் சொன்னார்.

எதிரே துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி நிமிர்ந்து பார்த்தார்.

“சொன்னா கத்தக் கூடாது. இதே மூலையில, இதே மாதிரி ஒண்ணு உங்க தங்கச்சி வீட்டுப் படத்துல இருக்கு. அதுல கறுப்பா, அழுத்தமா இருக்கு. அடியில கொக்கிகூட இருக்கு.”

அவர் கத்தவில்லை, சலித்துக்கொண்டார். அந்தப் படம் நாலு மாதம் என் கையில் இருந்தது, அதில் அந்த மூலையில் வெறும் தரைதான், கட்டம் கட்டமாக, வேறு ஒன்றுமே கிடையாது என்றார். நான் மாசாமாசம் பார்க்கிறேன், எனக்குத் தெரியாதா என்று மனைவி போர்வையை உதறினார்.

எக்ஸ்ரே அந்த மூலையையே பார்த்துக்கொண்டிருந்தார். தரை கீழே, கூண்டு மேலே. வலது மேல் மூலையில் கூண்டு. தங்கை வீட்டிலோ அது இன்னமும் தலைகீழாகத்தான் தொங்குகிறது போலும். கூண்டின் கூரை வளைவு, கீழே கம்பிகள், மேலே தொங்கவிடும் கொக்கி. தூக்கிவாரிப் போட்டது. எழுந்து, அந்தப் பெண்ணின் படத்தைத் தலைகீழாகத் திருப்பினார். படகு வலது மேல் மூலைக்குப் போனது. வளைவு கூரையாயிற்று, பாய்மரம் கம்பியாயிற்று, நங்கூரம் கொக்கியாயிற்று.

கல்லுக்கு ஏது தலை, ஏது கால்? தேய்த்து முடித்தவர்கள் எந்தப் பக்கமாகவோ தூக்கி வைத்திருக்கிறார்கள், அடுத்த ஓவியர் வந்து அப்படியே வரைந்திருக்கிறார். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஈய எழுத்து வைத்து இடம் வலம் காத்த மனிதருக்கு, கல்லைத் திருப்பி வைத்திருக்கலாம் என்று ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. அந்தக் கூண்டு அவருக்குப் படகாகத் தெரிந்திருக்க வேண்டிய இடம் உலகத்திலேயே ஒன்றுதான். தங்கை வீட்டு வாசல். அங்கே நின்றுதான் அவர் கண்ணை மூடிக்கொண்டு கத்தியிருக்கிறார்.

“போய்ப் பார்த்துட்டு வாங்களேன்” என்றார் மனைவி.

அந்த வாரம் முழுக்க அவருக்கு வேலையில் மனம் இல்லை. கூண்டைப் பார்த்தே ஆக வேண்டும், உள்ளே அரித்தது. ஆனால் இத்தனை வருஷம் கழித்துப் போய், படத்தைக் காட்டு என்று எந்த முகத்தோடு கேட்பது? படத்துக்காகத்தானே வந்தாய் என்று அவள் கேட்டால், இல்லை என்று சொன்னால் பொய், ஆமாம் என்று சொன்னால் அதுவும் பொய். படம் இல்லாவிட்டாலும் அவளைப் பார்க்க வேண்டும் போல இருந்தது. மதிய நேரத்தில் போன் அடிக்கும்போதெல்லாம் இன்னமும் கை முதலில் போவது அவளுக்காகத்தான் என்பதை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

மனைவி யாரையும் கேட்காமல் போன் போட்டு, ஞாயிற்றுக்கிழமை வருகிறோம், கல்லின் கதையும் கூடவே வருகிறது என்று சொல்லிவிட்டார்.

அந்தப் பெண்ணின் படத்தை எக்ஸ்ரே உறைக்குள் வைத்து, குழந்தையைப் போல நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனார். தங்கைதான் கதவைத் திறந்தாள். காதோரம் நரைத்திருந்தது. வாண்ணே என்றாள், வாங்க அண்ணி என்றாள். இந்தத் தடவை அவர் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

எதிர்ச் சுவரில் படம் நேராகத் தொங்கியது. தரை கீழே, கூண்டு மேலே, கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில். சட்டத்துக்கு மேலே ஜன்னல் திரைக் கயிறு ஒன்று துருத்திக்கொண்டு தெரிந்தது. பின்பக்கக் கம்பி இப்போது அடியில் போய்விட்டதால், கிடைத்த கயிற்றை அவசரமாகக் கட்டி மாட்டியிருக்கிறாள். ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது. அண்ணன் வருகிறான், மறுபடி கத்தப் போகிறான் என்று திருப்பியிருக்கிறாள்.

“இப்ப சரியா இருக்கா?” என்றாள் தங்கை. குரலில் கோபம் இல்லை, அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

தும்மலிடம் ஆயிரம் கேள்வி கேட்டவர் தங்கையிடம் கேட்காமல் விட்ட ஒரே கேள்வியை அன்றைக்குத்தான் கேட்டார்.

“அன்னைக்கு ஏம்மா திருப்பி மாட்டின?”

“நீதானே படகு படகுன்னு அலைஞ்ச. சட்டம் போடறப்ப கை தவறித் திரும்பிடுச்சு. பார்த்தா, கூண்டு அப்படியே படகு. சரி, நீ வந்ததும் கண்டுபிடிக்கிறியான்னு பார்க்கலாம்னு அப்படியே விட்டேன். என்கிட்ட படிச்சவங்ககிட்டல்லாம் சொல்லி வச்சிருந்தேன், எங்கண்ணன் வந்து பார்த்துட்டு என்ன குதி குதிக்கிறார் பாருங்கன்னு.” அவள் படத்தை நிமிர்ந்து பார்த்தாள். “குதிச்ச. வேற மாதிரி.”

எக்ஸ்ரே அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். தப்பு என்னுதும்மா என்றார். அதைச் சொல்ல ஆறேழு வருஷம் ஆனதே என்று அவருக்கே வெட்கமாக இருந்தது. அப்புறம் எழுந்து, படத்தை ஆணியிலிருந்து கழற்றி, மேஜையில் தலைகீழாக வைத்து, உறையிலிருந்த பெண்ணைப் பக்கத்தில் கிடத்தினார். மூன்று பேரும் குனிந்தார்கள். வளைவுக்கு வளைவு, கம்பிக்குக் கம்பி, கொக்கியில் இருந்த சின்னப் பிசிறுகூட அப்படியே இருந்தது. ஒரே கல். படகு என்று ஒன்று எந்தக் காலத்திலும் இருந்ததே இல்லை.

“அப்ப நம்ம துறைமுகத்தை என்ன பண்றது?” என்றார் மனைவி. தங்கைதான் முதலில் சிரித்தாள். அவள் சிரிப்பு மாறவே இல்லை என்று அவர் நினைத்தார்.

பிறகு திரைக் கயிற்றை அவிழ்த்து அவள் கையில் கொடுத்துவிட்டு, பழைய கம்பியைப் பிடித்து, படத்தைத் தம் கையாலேயே தலைகீழாக ஆணியில் மாட்டினார். ஓவியரின் கையெழுத்து மேலே தலையை ஊன்றி நின்றது. அவர் இரண்டடி பின்னால் வந்து பார்த்தார். நேரா இருக்கா என்று தங்கையைக் கேட்டார்.

“கொஞ்சம் லெஃப்ட்ல ஒடி” என்றாள் அவள், காரில் பக்கத்து இருக்கையில் இருந்து சொல்வது போல. “இன்னும் கொஞ்சம். ம், போதும், நிறுத்து.”

கிளம்பும்போது அவர் அந்தப் பெண்ணின் படத்தை உறைக்குள் வைக்கவில்லை. ஒரே கல்லில் பிறந்தது இரண்டும் ஒரே சுவரில் இருக்கட்டும் என்றார். தங்கை அதைக் கையில் வாங்கி, அப்படியும் இப்படியும் பார்த்தாள்.

“இதை எப்படி மாட்டணும்? சொல்லிட்டுப் போ, அப்புறம் வந்து கத்தாதே.”

“உனக்கு எப்படித் தோணுதோ அப்படி மாட்டு” என்றார் எக்ஸ்ரே. “ஏன் அப்படின்னு மட்டும் மத்தியானம் போன் போட்டுச் சொல்லு.”

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் எக்ஸ்ரே அறையில் போன் அடித்தது.